பெண்களுக்குத் தனி இடம்

பெண்களுக்குத் தனி இடம் வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தப் பெருங்கடையின் மேனேஜர் ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார். நான் கேட்டது, கார் சார்ஜ் ஏறும்வரை பயமில்லாமல் நிற்க ஓர் இடம். அது அவர் காதுக்குள் நுழைந்து வெளியே வருவதற்குள் தனி இடமாகிவிட்டது.

நான் வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்பவள். இடுப்பு உடைந்தவர்கள், பக்கவாதத்தில் கை விழுந்தவர்கள், முழங்கால் மாற்றியவர்கள். அவர்களால் என்னிடம் வர முடியாது, நான்தான் போக வேண்டும். அதற்காகவே கரண்ட் கார் வாங்கினேன். எங்கள் அடுக்குமாடியில் சார்ஜர் வைக்கச் சங்கச் செயலாளர் விடவில்லை. தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்று கேட்கிறார். அவர் பார்க்கிங்கில் அவருடைய காலி பெயிண்ட் டின்களும் தின்னர் கேன்களும் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கின்றன, அது வேறு விஷயம். ஆகவே மாலை வேலைக்குக் கிளம்புமுன் அந்தக் கடையின் சார்ஜிங் ஸ்டேஷனில் நின்றாக வேண்டும். அங்கே நிற்க முடியாவிட்டால் மாலை வேலை கிடையாது. எனக்கு வேலையே மாலையில்தான், நோயாளிகளின் வீடுகளில் துணைக்கு ஆள் வந்து சேர்வது அப்போதுதான்.

அங்கேதான் பர்சென்ட்காரன் வந்து சேர்ந்தான். பெயர் தெரியாது, நான் வைத்த பெயர் இது. சார்ஜிங் மெஷினைச் செய்த புண்ணியவான், கார் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, இன்னும் எத்தனை நிமிடம் ஆகும் என்பதையெல்லாம் ரயில்வே ஸ்டேஷன் போர்டு மாதிரி கொட்டை எழுத்தில் ஒளிர விட்டிருக்கிறான். இந்தப் பெண்ணால் இன்னும் இவ்வளவு நேரம் இங்கிருந்து நகர முடியாது என்று ஊருக்கே அறிவிப்பு. பர்சென்ட்காரன் அதைப் படித்துவிட்டு என் கண்ணாடியருகே குனிவான்.

"முப்பத்தெட்டு பர்சென்ட்தான் ஆகியிருக்கு. நேரம் இருக்கே, பேசலாமே" என்பான்.

முதல் நாள் வழிசலாக இருந்தது. அப்புறம் நான் எந்தத் தெருவுக்குப் போகிறேன் என்று கேட்டான். அடுத்த வாரம் அவனே அந்தத் தெருவின் பெயரைச் சொன்னான். நான் அதை அவனிடம் சொல்லியிருக்கவே இல்லை.

மேனேஜரிடம் போனேன். அவருக்கும் ஒரு பெயர் உண்டு, பரிசீலனை. எதைச் சொன்னாலும் பரிசீலிக்கிறோம் மேடம் என்பார். அந்த ஆள் என்ன செய்தார் என்று கேட்டார். பக்கத்தில் வந்து நிற்கிறான், பேசுகிறான், என் வழியைத் தெரிந்து வைத்திருக்கிறான் என்றேன். தொட்டாரா என்று கேட்டார். இல்லை என்றதும் அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அவரும் கஸ்டமர்தான் மேடம், ஸ்கூட்டர் சார்ஜ் போட வருகிறார் என்று எனக்கு விளக்கினார். கடைசியில் பரிசீலிக்கிறோம் என்று சொல்லி வழியனுப்பினார்.

பரிசீலித்தே விட்டார்கள். அதுதான் கொடுமை. கடையின் பின்பக்கம், ஜெனரேட்டருக்கும் குப்பைத் தொட்டிகளுக்கும் நடுவில், சரக்கு லாரி திரும்பும் சந்தில் ஒரு மெஷினை நட்டு, தரையெல்லாம் ரோஸ் பெயின்ட் அடித்து, "பெண்களுக்குத் தனி இடம்" என்று பலகை மாட்டினார்கள். போகிற போக்கில் யாரோ வரைந்த ஒரு பூவும் அதில் உண்டு. திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்ட என்னையே கூப்பிட்டார்கள்.

தனி என்றால் பிரத்தியேகம் என்றும் பொருள், ஆளில்லாதது என்றும் பொருள். பரிசீலனை ஒரே பலகையில் இரண்டையும் நிறைவேற்றிவிட்டார். அந்த இடத்தில் நின்று கத்தினால் ஜெனரேட்டருக்குக்கூடக் கேட்காது. இதுவரை பர்சென்ட்காரன் என்னைத் தேட வேண்டியிருந்தது. இனி அம்பு போட்டு வழி காட்ட ஒரு பலகையே இருக்கிறது. ரிப்பன் வெட்ட நான் போகவில்லை. அன்று ஒரு நோயாளியின் தோள்பட்டை ரொம்ப மோசம் என்று சொல்லிவிட்டேன்.

முன்பக்கத்திலேயே நிறுத்தப் பார்த்தேன். இப்போது அங்கே வண்டி நிறுத்தும் ஆண்களெல்லாம் எனக்கு வழிகாட்டிகளாகிவிட்டார்கள். மேடம், உங்களுக்குத்தான் பின்னாடி இடம் ஒதுக்கியிருக்காங்களே, இங்க எங்களுக்கே பத்தல என்றார் ஒருவர். அவர் பின்னால் இருந்தவர் ஹாரன் அடித்தார். எல்லாருக்குமாக இருந்த இடம் ஒரு டப்பா ரோஸ் பெயின்ட்டில் ஆண்களின் இடமாகிவிட்டது.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருக்கிறார். எதில் எவ்வளவு ஆபத்து என்று மற்றவர்களுக்குக் கணக்குப் போட்டுச் சொல்வதுதான் அவர் தொழில்.

"கதவை லாக் பண்ணிக்கிட்டு உள்ளயே உக்காந்துக்கோ. இதுக்கு ஏன் இவ்ளோ டென்ஷன்?" என்றார்.

பொறுமையாக விளக்கினேன். பெட்ரோல் வண்டி மாதிரி சாவியைத் திருகிப் பறந்துவிட முடியாது. கேபிள் மாட்டியிருக்கும்வரை கார் நகராது. கதவைப் பூட்டினால் கேபிளும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். தப்பித்துப் போக வேண்டுமென்றால் முதலில் கதவைத் திறக்க வேண்டும், வெளியே இறங்க வேண்டும், அந்தக் கனத்த கேபிளை இரண்டு கையாலும் பிடுங்க வேண்டும், திரும்பி வந்து ஏற வேண்டும். அதுவரை அவன் வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பானா? நான் பேசி முடித்ததும், அப்படியென்றால் மாலை வேலையை விட்டுவிடு, காலையில் மட்டும் பார் என்றார். ஊறுகாய் தொட்டுக்கொள் என்பது மாதிரி சொன்னார்.

வேலையை விடவில்லை. வேறு வழியில்லாமல் பின்பக்கமே போனேன்.

பொழுது சாய்கிற நேரம். கேபிளை மாட்டி, உள்ளே உட்கார்ந்து, பூட்டிக்கொண்டேன். ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. பர்சென்ட்காரன் நேராக வந்தான். குனியவில்லை, பேசவில்லை. என் முன்சக்கரத்துக்கு மேலே கேபிள் மாட்டியிருக்கும் இடத்தில் சாய்ந்து நின்றுகொண்டு, போர்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். அவனைத் தாண்டித்தான் நான் கேபிளைப் பிடுங்க முடியும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

மெஷினில் எழுதியிருந்த உதவி எண்ணை அழைத்தேன். மெஷின் பழுதா, பணம் கழிந்ததில் பிரச்சினையா என்று கேட்டாள் ஒரு பெண். ஒரு ஆள் நிற்கிறான் என்றேன். மன்னிக்கவும், அதற்கு இங்கே பிரிவு இல்லை, போலீசுக்கு அழையுங்கள் என்றாள். போலீசுக்கும் அழைத்தேன். தொட்டானா என்றார்கள். எந்தக் கல்லூரியில்தான் இந்தக் கேள்வியை எல்லாருக்கும் சொல்லிக் கொடுக்கிறார்களோ. வண்டி வரும் என்றார்கள், எப்போது என்று சொல்லவில்லை.

மறுபடியும் உதவி எண்ணுக்கே அழைத்தேன்.

"ஒருத்தன் உங்க கேபிளை அறுத்துக்கிட்டிருக்கான்" என்றேன்.

அடடா, என்ன வேகம். நான் போனை வைக்குமுன் கடைக்குள்ளிருந்து இரண்டு காவலாளிகள் தடியோடு ஓடி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பரிசீலனை, வாழ்நாளில் முதல்முறையாக எதையும் பரிசீலிக்காமல், செருப்பு ஒன்று கழன்று விழ ஓடி வந்தார். கேபிளுக்குள் இருப்பது செம்பு, விலை போகும். காருக்குள் இருப்பது நான்தானே.

காவலாளிகள் பர்சென்ட்காரனைப் பிடித்தார்கள். பரிசீலனை மண்டியிட்டுக் கேபிளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவிப் பார்த்தார், குழந்தை விழுந்து எழுந்தால் பெற்றவள் தடவுவாளே, அப்படி. ஒரு கீறல்கூட இல்லை. உடனே அவனை விட்டுவிட்டார்கள். நான் இறங்கி நடந்ததைச் சொன்னேன். அவன் சும்மா எத்தனை பர்சென்ட் என்று பார்த்தேன் சார் என்றான். அதற்குள் என் வீட்டுக்காரருக்கும் தகவல் போய், அவரும் வந்து சேர்ந்தார்.

"பொய் கம்ப்ளெயின்ட் குடுத்திருக்கீங்க மேடம். இது சீரியஸ். கஸ்டமர் மனசு புண்பட்டிருக்கு. அவருக்கு ஒரு சாரி சொல்லிட்டீங்கன்னா இதோட முடிச்சிடலாம்" என்றார் பரிசீலனை.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தரையில் இருந்த ரோஸ் பெயின்ட்டைப் பார்த்தார்.

"சொல்லிட்டு வாயேன். வார்த்தைதானே" என்றார்.

பர்சென்ட்காரன் மார்பில் கை கட்டிக்கொண்டு காத்திருந்தான். எனக்குப் பயம் போய் அருவருப்புதான் மிஞ்சியது, மூன்று பேர் மேலும்.

"கேபிளுக்கு வேணும்னா சாரி சொல்றேன்" என்று சொல்லி, அதைப் பிடுங்கி மெஷினில் மாட்டிவிட்டு வண்டியை எடுத்தேன்.

மறுநாள் காலை செல்போனில் செய்தி வந்தது. பாதுகாப்புக் காரணங்களுக்காக அந்த ஸ்டேஷனில் எனது சார்ஜிங் கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதாம். பாதுகாப்பு. இரண்டு முறை படித்துவிட்டு, பல் விளக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரிடம் நீட்டினேன். அவர் வாய் கொப்பளித்துவிட்டு, ஒரு சாரியில் முடிந்திருக்கும் என்றார். நான் சண்டை போடவில்லை. கார் சாவியை அவர் கையில் வைத்து, உங்கள் பெயரில் ஒரு கணக்குத் திறந்து இன்று நீங்களே சார்ஜ் போட்டுக்கொண்டு வாருங்கள், எனக்கு மூன்று வீடு பாக்கி இருக்கிறது என்றேன். இதென்ன பிரமாதம் என்று சொல்லி, ஆபீஸ் விட்டதும் விசிலடித்துக்கொண்டே கிளம்பினார்.

நான் பையில் பயிற்சிக்கான ரப்பர் பட்டைகளையும் எண்ணெயையும் எடுத்துவைத்து, செருப்பைக்கூடப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமே வந்துவிட்டார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. முன்பக்கம் இடமில்லையாம், அதனால் பின்னால் போனாராம்.

"யாரோ ரெண்டு பேர் வந்து நின்னாங்க. ஒண்ணும் பண்ணல, சும்மாதான் நின்னாங்க. ஆனா எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்றார்.

தொட்டார்களா என்று நான் கேட்கவில்லை. ஆறுதலாகவும் இல்லை. இத்தனை நாள் நான் வாய் வலிக்கச் சொன்னது ஏறாத மண்டையில், சொந்த முதுகு வியர்த்ததும் ஏறியிருக்கிறதே என்று ஆத்திரம்தான் வந்தது.

"சார்ஜ் எவ்ளோ ஏறிச்சு?" என்று கேட்டேன்.

"முதல்ல கொஞ்சம் தண்ணி குடு" என்றார்.