மேடைக்கு மேலே பத்து மீட்டர்

இரண்டு பேர் சேர்ந்து இழுத்தும் அந்த உடுப்பு பிறேமாவின் இடுப்புக்கு மேலே ஏற மறுத்தது. ஏரிக்கரை வாகனத் தரிப்பிடத்தில், காரின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, யூலியா முன்னால் நின்று இழுத்தாள். பிறேமா கண்ணை மூடி வயிற்றை எக்கினாள். தண்ணீருக்குள் இறங்கப் போடும் அந்தத் தடித்த கறுப்பு இறப்பர் உடுப்பு நவம்பர் குளிரில் விறைத்துப்போயிருந்தது. நாயோடு நடக்க வந்த இரண்டு கிழவர்கள் காலை வணக்கம் சொல்லிவிட்டு, மரியாதைக்காக மறுபக்கம் பார்த்தபடி போனார்கள். பேசாலையில் பெரியபிள்ளையான நாளிலிருந்து கணுக்காலுக்கு மேல் கடலில் நனையாத ஒருத்தி, நாற்பத்திரண்டு வயதில், ஒரு ஜேர்மன்காரியின் கையில் கருவாட்டுச் சாக்குமாதிரி உலுக்குப்படுவதை ஊர்ச் சனம் பார்த்தால் என்ன கதைக்கும் என்று நினைத்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்த கையோடு அழுகையும் வந்தது. யூலியா அதைக் கண்டும் காணாதவள்போலச் உடுப்பின் சிப்பை மேலே இழுத்து விட்டாள்.

யூலியாவுக்கு ஜேர்மனியின் ஹம் நகர நீச்சல் குளத்தில் வேலை. சனி ஞாயிறுகளில் சுழியோடும் கழகத்தில் பழக்குகிறவள். சென்ற மார்ச் மாதம், இதே ஏரியில், பிறேமாவின் கணவன் பென்ஜமின் செத்தபோது கூட இருந்தவளும் அவள்தான்.

பென்ஜமின் மன்னாரில் சங்கு குளிக்கிற குடும்பத்தில் பிறந்தவன். மீசை முளைக்கும் முன்பே மாமனின் வள்ளத்தில் ஏறி, ஒரு மூச்சில் அடிக்குப் போய், இரண்டு கையிலும் சங்கோடு அதே மூச்சில் மேலே வந்தவன். தொண்ணூறில் இங்கே ஓடிவந்த பிறகு கம்பித் தொழிற்சாலையில் வேலை, வாடகை வீடு, ஞாயிறு பூசை என்று மற்ற எல்லாரையும்போலத்தான் இருந்தான். பிள்ளை கிடைக்கவில்லை. வேலைத்தலத்தில் ஒருவன் கழகத்துக்குக் கூட்டிப்போனதிலிருந்து பிடித்தது பைத்தியம். முதுகில் காற்றுச் சிலிண்டரும் இடுப்பில் ஈயக்கட்டியுமாக, மனிதர் கையுறை இல்லாமல் வெளியே போக அஞ்சும் நாளிலும் ஏரிக்குள் இறங்குவான். சங்கும் இல்லை, முத்தும் இல்லை, அந்தக் குளத்துக்குள் அப்படி என்னதான் கிடக்குது என்று பிறேமா நக்கலடித்தபோது, "ஒண்டுமில்லை. அதுதான் நல்லாயிருக்கு" என்றான்.

அது நல்லாயிருந்த காரணம் வன்னியில் கடைசிப் போர் நடந்த அந்த வருடப் பனிக்காலத்தில்தான் அவளுக்கு விளங்கியது. பென்ஜமினின் தாயும் அக்கா ரஞ்சினியும் மடுப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து, சனத்தோடு சனமாக வன்னிக்குள் போய் அகப்பட்டிருந்தார்கள். தை மாதத்தோடு தொடர்பு அறுந்தது. அதற்குப் பிறகு பென்ஜமின் கைத்தொலைபேசியும் கையுமாகத் திரிந்தான். தொழிற்சாலையில் தடை, காலுறைக்குள் ஒளித்துக் கொண்டுபோனான். பூசையில் நற்கருணை வாங்கப் போகும்போதும் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தான். இரவில் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தான், படுத்தானே தவிர நித்திரை கொள்ளவில்லை. போரை நிறுத்தச் சொல்லிப் பனியில் நின்று பதாகை பிடித்துவிட்டு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் இணையத்தில் பெயர்களைத் தேடினான். சனிக்கிழமைகளில் ஏரிக்குப் போகும்போது மட்டும் அந்தத் தொலைபேசியைக் காருக்குள் விட்டுவிட்டு இறங்குவான். திரும்பி வந்தால் அரைநாள் மனிதனாக இருப்பான். சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுவான். அந்த அரைநாளுக்காகவே பிறேமா ஏரிக்கு நன்றி சொன்னாள். கடைசிச் சனிக்கிழமை அவன் அதைக் காருக்குள் விடவில்லை. வாசலில் நின்று அவள் கையில் தந்து, "நீ வைச்சிரு" என்றான். இதை அவள் எவருக்கும் சொல்லவில்லை.

நடந்ததை யூலியா ஒளிவு மறைவில்லாமல் சொன்னாள். ஏரிக்குள் பத்து மீட்டர் ஆழத்தில், பழகுகிறவர்களுக்காகச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்ட இரும்பு மேடை ஒன்று உண்டு. திரும்பி வரும் வழியில் இருவரும் அதில் முழங்காலூன்றி நின்றார்கள். தண்ணீர் தெளிவு, சிலிண்டரில் காற்றும் தாராளம். பென்ஜமின் எல்லாம் சரி என்று கையால் காட்டினான். அவள் தன் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது அவன் மேலே போய்க்கொண்டிருந்தான், வேகமாக, முகத்தை நிமிர்த்தியபடி. வாயிலிருந்து ஒரு குமிழிகூட வரவில்லை. அடியில் இழுக்கும் காற்று நெருக்குண்ட காற்று; மேலே வர வர விரியும். வெளியே விடாமல் அடக்கினால் நெஞ்சுக்குள்ளேயே விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். கரைக்குக் கொண்டுவருவதற்குள் பென்ஜமினுக்கு எல்லாம் முடிந்துவிட்டது. மூச்சை அடக்கக் கூடாது என்பதுதான் இந்த விளையாட்டில் முதல் விதி, புதிதாக வருகிறவர்களுக்கு அதை அவனே சொல்லிக் கொடுப்பான் என்று யூலியா அழுதுகொண்டே சொன்னாள். ஆறுதலாகத்தான் சொன்னாள், அந்தச் சொல்தான் பிறேமாவை அறுத்தது. விதி தெரிந்தவர் ஏன் மூச்சை அடக்கினார்? பொலிஸ் விபத்து என்று எழுதி முடித்துவிட்டது. சனம் அவ்வளவு சுலபமாக முடிக்குமா? முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு, தேத்தண்ணிக் கோப்பையோடு, ஞாயிறு பூசைக்கு வருகிற டொறத்தி அக்கா பக்கத்தில் வந்து இருந்தாள். நல்ல மனிசி, ஆனால் வாய் சும்மா இருக்காது. பிறேமாவின் கையைப் பிடித்து மெல்லச் சொன்னாள்.

"தாய் சகோதரத்தை நினைச்சு மனம் விட்டுட்டார் போல. ஆண்டவர் மன்னிப்பார், பிறேமா. நீர் யோசியாதையும்."

தானே உயிரை மாய்த்துக்கொண்டார் என்பதுதான் அந்த மன்னிப்பின் அர்த்தம். அந்தச் சொல் மீன்முள்ளாகத் தொண்டையில் நின்றுவிட்டது. வேலைக்குப் போனாள், முதியோர் இல்லத்தில் கிழவிகளுக்குத் தலைவாரிவிட்டாள், வீட்டுக்கு வந்தாள்; முள் அங்கேயே இருந்தது. அவர் என்னை விட்டிட்டுப் போனாரா, இல்லாவிட்டால் போகவேண்டி வந்ததா? அது ஒன்று தெரிந்தால் போதும், மற்ற எல்லாவற்றையும் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

ஆடி மாதத்தில் அந்தத் தொலைபேசி அடித்தது. செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து ரஞ்சினி. இரவல் போன், வரிசையில் ஆட்கள் நிற்கிறார்களாம். அம்மா வழியிலேயே போய்விட்டா, தம்பியிடம் குடு என்றாள். பிறேமா சொல்லத்தான் வேண்டியிருந்தது. மறுபக்கத்தில் வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்டும் ரஞ்சினி போனை விடவில்லை.

"தண்ணியிலயோ? என்ன கதை கதைக்கிறாய். அவன் தண்ணிக்குள்ள சாகிற ஆளில்லை, பிறேமா."

அடுத்த வாரமே பிறேமா நீச்சல் குளத்துக்குப் போய் யூலியாவின் முன்னால் நின்றாள். எனக்கும் பழக்கு, அந்த மேடைக்குக் கூட்டிப் போ என்றாள். யூலியா முடியாது என்றாள், பிறகு வைத்தியரிடம் காட்டு என்றாள், பிறகு ஒரு துவாயை எடுத்துக் கொடுத்தாள். வியாழன் மாலைகளில் பிறேமாவின் தலைமயிரில் குளோரின் மணத்தது. அவள் குளத்தில் துப்புரவு வேலை எடுத்திருக்கிறாள், பாவம் என்று டொறத்தி அக்கா ஊரெல்லாம் சொல்லிவைத்தாள். பிறேமா அதைத் திருத்தப் போகவில்லை.

முதல் நாள் யூலியா விதியைச் சொன்னதுமே, அவர் ஏன் மூச்சை அடக்கினார் என்பதற்கு அவளுக்கு ஒரு விளக்கம் தோன்றியது. மேலேயிருந்து ஒரு மூச்சை எடுத்துப் போகிறவனுக்கு அதை அடக்குவதுதான் உயிர். வாயைத் திறந்தால் சங்கும் போச்சு, ஆளும் போச்சு. பென்ஜமின் படித்த முதல் பாடம் அது. இங்கே வந்து படித்தது அதற்கு நேர்மாறான பாடம். மூளை இரண்டாவதைப் படித்திருக்கும், உடம்பு படித்திருக்குமா? திடுக்கிட்டால் உடம்பு பழைய இடத்துக்குத்தானே ஓடும்? யூலியாவிடம் கேட்டாள். இருக்கலாம் என்றாள் யூலியா. ஆனால் திடுக்கிட அங்கே என்ன இருந்தது? ஒன்றுமில்லையே என்று கையை விரித்தாள். அந்த ஓட்டையை அடைக்கத்தான் பிறேமாவுக்கு மேடைக்குப் போகவேண்டியிருந்தது.

அந்த நவம்பர் காலையில், கரையில் இருந்து இருவரும் பின்பக்கமாக நடந்து இறங்கினார்கள். குளிர் முகத்தில் அறைந்தது. கன்னம் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. இடுப்பளவு தண்ணீரில் யூலியா அவளுடைய பட்டிகளை எல்லாம் இன்னொருமுறை இழுத்துப் பார்த்தாள்.

"அவனுக்குப் பிறகு நானும் அந்த மேடையில் நிற்கவில்லை" என்றாள். "என் கைக்கு எட்டாத தூரம் போகாதே."

கயிற்றைப் பிடித்தபடி இறங்கினார்கள். ஒவ்வொரு கையகலத்துக்கும் காது வலித்தது. மூக்கைப் பிடித்து ஊதினாள். வெளிச்சம் பச்சையாகி, பிறகு வேப்பிலை அவித்த தண்ணீர் நிறமாகியது. கீழே மேடை தெரிந்தது. ஒரு கட்டிலைவிடச் சற்றுப் பெரியது, பாசி பிடித்த இரும்புக் கம்பி வலை. அவ்வளவுதான். எட்டு மாதமாக நித்திரையில் அவள் கண்டுவந்த இடம் இத்தனை எளிய சாமானாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. யூலியா தன் கையால் ஓரிடத்தைக் காட்டினாள். பிறேமா அங்கே முழங்காலூன்றினாள்.

பயம் வரட்டும் என்று காத்திருந்தாள். வந்தால் உடம்பு என்ன செய்கிறதென்று பார்க்கத்தானே வந்தது. வரவில்லை. இழுக்கும்போது ஒரு சீறல், விடும்போது குமிழிகள் காதோரம் ஏறிப்போகும் சத்தம், மறுபடி சீறல். முதியோர் இல்லத்தின் அழைப்பு மணி இல்லை. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் இல்லை. ஏன், எப்படி, எதற்கு என்று தலைக்குள் ஓயாமல் அரைத்துக்கொண்டிருந்த ஆட்டுக்கல்லும் நின்றுவிட்டது. கம்பி வலைக்குள்ளால் பார்த்தாள். கீழே இருட்டு, வெறும் இருட்டு, அதில் பயமுறுத்த ஒன்றுமில்லை. ஒரு பாசி இழை ஆடியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமென்று தெரியாது. கணவன் செத்த நாளிலிருந்து அவள் உடம்பு இப்படி இளகியதில்லை. அது சுகமாக இருந்தது.

அந்தச் சுகத்துக்குள் இருந்தபடியே, எதற்காக இங்கே வந்தோம் என்று அவள் தன்னைக் கேட்டாள். உடனே பதில் வரவில்லை. பென்ஜமினின் முகத்தை நினைக்கப் பார்த்தாள், அதுவும் வரவில்லை. அவன் கடைசியாக முழங்காலூன்றிய அதே இடத்தில் இருந்துகொண்டு அவள் அவனை மறந்திருந்தாள்.

அடுத்து நடந்ததை அவள் செய்யவில்லை. கால்கள் மேடையை உதைத்தன. பல் இறுகியது, தொண்டை பூட்டிக்கொண்டது, உடம்பு முழுவதும் ஒரே திசையில் எழும்பியது. மேலே, மேலே, மறந்துபோன அவரிடம். தான் மூச்சை அடக்கியிருப்பது அவளுக்குத் தெரியாது. காதோரம் சத்தம் நின்றுபோனதும் தெரியாது. யாரோ கணுக்காலைப் பிடித்து இழுத்தார்கள். பிறகு இடுப்புப் பட்டியை. யூலியாவின் முகம் கண்ணாடிக்குக் கண்ணாடி முட்டுமளவுக்கு வந்து நின்றது. ஒரு கையால் பிறேமாவைப் பிடித்துக்கொண்டு, மறுகை விரல்களைத் தன் வாயிலிருந்து வெளியே வெளியே விரித்துக் காட்டினாள். விடு. மூச்சை விடு.

பிறேமா யூலியாவைப் பார்த்தாள். அப்படியானால் அவரும் ஒரு கணம் மறந்தாரா? வன்னியையும் தாயையும் தமக்கையையும் ஒரு கணம் மறந்து, இந்தச் சுகத்தில் நின்று, பிறகு நினைவு வந்து, ஐயோ என்று ஓடினாரா? இதைத் திடுக்கிடல் என்று எந்தப் பொலிஸ்காரன் எழுதுவான். டொறத்தி அக்காவுக்கு இதை எப்படிச் சொல்வது. சொன்னால் இது மட்டும் பெரிய ஆறுதலா என்ன. அவளுக்கு நெஞ்சு வெடிப்பதுபோல வலித்தது. அது துக்கமா காற்றா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. யூலியாவின் விரல்கள் விரிந்துகொண்டே இருந்தன, மறுபடி, மறுபடி. கண்ணாடிக்குப் பின்னால் அவளுடைய கண்கள் சிவந்து, கெஞ்சிக்கொண்டிருந்தன. மார்ச் மாதத்தில் அவள் கைக்கு எட்டாமல் போன கணுக்காலை இன்றுதான் பிடித்திருக்கிறாள்.

விட மனமில்லாமல்தான் பிறேமா விட்டாள். குமிழிகள் அவளுடைய கன்னத்தைத் தடவிக்கொண்டு வெளியேறின. இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பிடித்தபடி நடுத்தண்ணீரில் தொங்கிக்கொண்டு அவற்றை அண்ணாந்து பார்த்தார்கள். முதலில் மிளகளவாக இருந்தவை போகப் போகப் பருத்து, தட்டையாகி, கிண்ணங்களாக, குடைகளாக விரிந்து, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, வெளிச்சம் இருந்த பக்கமாக அவசர அவசரமாகப் போய்க்கொண்டிருந்தன.