ரம் ஆலையில் என் வீட்டுக்காரர்

ஓய்வு பெற்ற அன்றே என் வீட்டுக்காரர் பீப்பாயில் இறங்கிவிட்டார். எங்கள் ஊர் ரம் ஆலையில் அதுதான் வழக்கம். மாலை போட்டார்கள். லட்டு கொடுத்தார்கள். சட்டையை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார். மேலே மூடியை வைத்து அடித்தார்கள். நடுவில் ஒரு துளை விட்டு அதைத் தக்கையால் அடைத்தார்கள்.

பீப்பாயில் இருப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். காற்று தன் பங்கை எடுத்துக்கொள்கிறது என்று ஆலையில் சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. தாலி கட்டிக்கொண்டவள் நான் இருக்கும்போது காற்றுக்கு என்ன பங்கு? அதனால் மாதா மாதம் ஒரு தூக்குவாளியில் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுபோவேன். தக்கையைப் பிடுங்கி, தளும்பத் தளும்ப ஊற்றிவிட்டு வருவேன்.

இந்த மாதம் ஆலையிலிருந்து கனகசபை வந்தான். கிடங்கு மேற்பார்வை அவன்தான்.

"நூற்றாண்டு விழாம்மா. ஆலையோட வரலாறு எழுதணுமாம். எழுதறதுக்கு ஆள் கிடைக்கல. அதனால எல்லாப் பீப்பாயையும் ஒண்ணாக் கலந்து பாட்டில்ல அடைக்கப் போறோம்."

"எங்க வீட்டுக்காரரையுமா?"

"சோதனையில தேறினா கலந்துடுவோம். தேறலன்னா நீங்க வீட்டுக்குக் கொண்டு போயிடலாம்."

தூக்குவாளியோடு குடத்தையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கிணறு தெருமுனை வரை கூடவே வந்தது. அதன் ராட்டினம் எண்ணெய் இல்லாமல் கிறீச்சிட்டது. "வீட்ல இரு" என்றேன். நின்றது. பஸ் திரும்பும் வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

கிடங்கு போன மாதத்தைவிட நீளமாகியிருந்தது. மறுகோடி தெரியவில்லை.

"விழான்னு சொன்னதும் பழைய வருஷமெல்லாம் நிமிர்ந்து உக்காந்துடுச்சு" என்றான் கனகசபை. "சோதனை அந்தக் கோடியில, துரையோட பீப்பாய்கிட்ட நடக்குது. நடங்கம்மா."

நடந்தோம். முதலில் வேலைநிறுத்த வருஷம். பீப்பாய்கள் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றன. கனகசபை வணக்கம் சொன்னான். ஒன்றும் திரும்பவில்லை.

அடுத்தது மதுவிலக்கு வருஷங்கள். அங்கே எல்லாப் பீப்பாயும் இருமிக்கொண்டிருந்தது.

"அப்போ ரம் காய்ச்சக் கூடாதுன்னுட்டாங்க. இருமல் மருந்துதான் காய்ச்சினோம்."

"ஊர்ல அவ்வளவு பேருக்கா இருமல்?"

"மருந்து வேணும்னா இருமித்தானம்மா ஆகணும்."

அதற்கப்புறம் வெள்ளம் வந்த வருஷம். முழங்கால் வரை தண்ணீர் நின்றது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன். தண்ணீர் தித்திப்பாக வாசனை அடித்தது. ஒரு மீன் என் காலில் மோதி, மன்னிப்புக் கேட்டு, மறுபடியும் மோதியது. அதற்கு நிதானம் இல்லை.

கோடியில் துரையின் பீப்பாய் இருந்தது. வில்லியர் துரைதான் ஆலையை ஆரம்பித்தவர். பக்கத்துச் சர்க்கரை ஆலை கழிவுப் பாகை ஆற்றில் கொட்டுவதைப் பார்த்துக் கரையில் உட்கார்ந்து அழுதாராம். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு செப்புக் கொப்பரை வாங்கினாராம். சமையல்காரியிடம் தமிழ் கற்றவர். அதனால் சமையலறைத் தமிழ்தான் வரும்.

"அடுப்பு எரியுதா?" என்றது துரையின் பீப்பாய்.

"எரியப் போகுதுங்க துரை" என்றான் கனகசபை.

துரைக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் சவரிராயனின் பீப்பாயை உருட்டி வைத்திருந்தார்கள். நான் தட்டினேன்.

"பிலோமியா?"

"நான்தாங்க."

"இன்னிக்கும் தண்ணி கொண்டாந்தியா?"

"கொண்டாந்தேன்."

"ஊத்தித் தொலைச்சிடாதடி. நான் தேறணும். துரையும் நானும் ஒரே பாட்டில்ல. யாருக்குக் கிடைக்கும்? ஜில்லா பூரா ஊத்திக் குடுப்பாங்க."

"எவனோ குடிச்சிட்டு எங்கயோ விழுந்து கிடப்பான். நீங்க வீட்டுக்கு வாங்க."

"வீட்ல என்னா இருக்கு?"

"நான் இருக்கேன்."

பீப்பாய்க்குள் ஒரு தரம் தளும்பியது.

"அது சரி" என்றார். "ஆனா வரலாறு வேறடி."

சோதனை அதிகாரி வேதகிரி ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு தட்டு. தட்டில் ஒரு சிட்டிகை வெடிமருந்து வைப்பார். பீப்பாயிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அதன்மேல் விடுவார். தீக்குச்சி கிழிப்பார். மருந்து பற்றிக்கொண்டால் தேறியது. துரை காலத்திலிருந்து அதுதான் சோதனை.

முதலில் துரை. குச்சி கிழித்தார். புஸ் என்றது. அவ்வளவுதான்.

"உப்பு பத்தல" என்றது துரையின் பீப்பாய்.

போர்க்காலத்துப் பீப்பாய்கள் பற்றவில்லை. வெள்ளம் வந்த வருஷம் பற்றவில்லை. மதுவிலக்கு வருஷம் தட்டில் இரண்டு தரம் இருமிவிட்டு அணைந்தது.

வேதகிரி கண்ணாடியைக் கழற்றினார்.

"எவன்யா இதுல தண்ணி ஊத்துனது?"

நான் திரும்பிப் பார்த்தேன். கிடங்கு நெடுக ஊர்ப் பெண்கள் நின்றார்கள். எல்லார் கையிலும் தூக்குவாளி. துரையின் சமையல்காரி வழியில் வந்த பெண்ணும் ஒரு செம்போடு நின்றாள். ஒருத்தி மட்டும் அண்டா வைத்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் பெருத்த ஆள்.

"காத்து எடுத்துக்கிட்டதை நாங்க திருப்பி ஊத்தினோம்" என்றாள் அண்டாக்காரி. "தப்பா?"

வேதகிரி கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். என் வீட்டுக்காரரின் கரண்டியைத் தட்டில் விட்டார். குச்சி கிழித்தார்.

நான் அணையணும் என்று வேண்டிக்கொண்டேன். பீப்பாய்க்குள் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது கேட்டது. எனக்காகவா அவருக்காகவா வேண்டுவது என்று குழம்பியதில் அந்தோணியாரைக் கூப்பிட மறந்துவிட்டேன்.

புஸ்.

"தேறல" என்றார் வேதகிரி.

மிச்சம் இருந்தது ஒரே பீப்பாய். பழைய மேனேஜர் சம்பந்தம். கல்யாணம் செய்துகொள்ளாதவர். என் வீட்டுக்காரருக்கு ஆகாதவர். அவர் கரண்டி தட்டில் விழுந்ததும் குச்சிக்குக்கூடக் காத்திருக்கவில்லை. நீலமாகப் பற்றியது. தீ கரண்டி வழியாக ஏறி, துளைக்குள் இறங்கி, சத்தமில்லாமல் எரிந்து முடிந்தது. பீப்பாயில் சொட்டுக்கூட மிச்சம் இல்லை.

"அவருக்கு யாருமே வந்து ஊத்தலயா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"இல்லைங்க."

"பாவம்டி. இத்தினி வருஷம் அந்த ஆளைத் திட்டிக்கிட்டே இருந்தேன். பக்கத்துலதான் இருந்தாரு."

வேதகிரி தட்டைத் துடைத்தார். "தேறினது ஒண்ணு. அதுவும் எரிஞ்சு போச்சு. வரலாறு முடிஞ்சுது. மத்ததை எல்லாம் வீட்டுக்காரங்க எடுத்துக்கலாம்."

பெண்கள் குடங்களில் நிரப்பிக்கொண்டார்கள். சிலர் அங்கேயே சண்டை போட ஆரம்பித்தார்கள். குடம் பதில் சொன்னது. அப்படியே நடந்து போனார்கள்.

நான் குடத்தின் வாயைத் துளையோரம் வைத்தேன்.

"துரையை யாரு எடுத்துக்கிட்டுப் போறாங்க?" என்று கேட்டார்.

செம்புக்காரி தூரத்தில் போய்க்கொண்டிருந்தாள். அவள் செம்பில் துரை கொள்ள மாட்டார்.

"யாரும் இல்ல."

"இவ்ளோ நீளக் கிடங்கு. அவரு தனியா இருப்பாரே பிலோமி."

"தனியா இருந்தா என்ன?"

"அவருக்கு வேற தமிழ் தெரியாதுடி. உப்பு பத்தலன்னு சொல்லிக்கிட்டே கிடப்பாரு. பத்துச்சுங்க துரைன்னு ஒருத்தராவது சொல்லணும்."

நான் குடத்தைக் கீழே வைத்தேன். அவர் வரமாட்டார். ஆலைக்கு எப்போதும் அவர் அப்படித்தான். திருவிழா அன்றைக்கும் கொப்பரை தனியாக இருக்கிறது என்று போனவர்.

கனகசபை சம்பந்தத்தின் பீப்பாயைத் தட்டிப் பார்த்தான். டங் என்றது.

"காலியா விட்டா பலகை காஞ்சு விரிஞ்சுடும். யாரையாவது போடணும் சார்."

"ஓய்வு பெற்ற ஆளாத்தான் இருக்கணும்" என்றார் வேதகிரி.

"நான் இங்க வேலை பாத்திருக்கேன்" என்றேன்.

"என்ன வேலை?"

"தண்ணி ஊத்துறது."

வேதகிரி யோசித்தார். தட்டைப் பார்த்தார். துரையைப் பார்த்தார். காலியாகிவிட்ட வரிசைகளைப் பார்த்தார்.

"இங்க இருந்த ஆளுங்கள்லயே அதிகமா வேலை செஞ்சது நீங்கதான்" என்றார். "லட்டு கொண்டாய்யா."

லட்டு வந்தது. மாலை கிடைக்கவில்லை. சம்பந்தத்தின் காய்ந்த மாலையைப் போட்டார்கள். தூக்குவாளியைக் கனகசபையிடம் கொடுத்துவிட்டு இறங்கினேன். உள்ளே இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. மூடியை அடித்தார்கள்.

பலகைக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

"பிலோமி."

"ம்."

"வீட்டைப் பூட்டுனியா?"

"இல்ல."

"நல்லா செஞ்ச போ. இனிமே நமக்கெல்லாம் தண்ணி யாரு ஊத்துவா?"

அதை நான் யோசிக்கவில்லை. காற்று அதற்குள் என் காதோரம் எதையோ எடுத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தது.

"சோறு வெந்துச்சா?" என்று துரை கேட்டார்.

"வேகுதுங்க துரை" என்றார் என் வீட்டுக்காரர்.

கிடங்கின் அந்தக் கோடியில், வாசலில், கனகசபை யாரையோ அதட்டினான்.

"உள்ள வரக் கூடாது. சொல்றேன்ல? ஏய், உள்ள வரக் கூடாதுன்னா கேக்கணும்."

பிறகு அவன் குரல் விலகி வழிவிட்டது. இருமல்களைத் தாண்டி, வெள்ளம் வந்த வருஷத்தைத் தாண்டி, எண்ணெய் இல்லாத ராட்டினம் கிறீச்சிட்டுக்கொண்டே எங்கள் பக்கம் வந்தது.