பரிவட்டம் வேண்டாத தலை

சுருளிராஜன் கேஸில் ஜெயித்துவிட்டார். காளியம்மன் திருவிழாவில் தீபாராதனைக்கு முன்னால், அம்மன் மேல் சாத்திய பட்டுத் துணியை முதலில் யார் தலையில் பரிவட்டமாகக் கட்டுவது என்பதுதான் கேஸ். அவர் அப்பாவும் பங்காளி விஜயபாண்டியின் அப்பாவும் மூட்டிவிட்டுப் போன சண்டை. அறுப்பு நேரத்தில்கூடத் திராட்சைத் தோட்டத்தைப் போட்டுவிட்டு, உத்தமபாளையம் கோர்ட்டுக்கு டவுன் பஸ்ஸில் அலைந்தே மனுஷனுக்குத் தலை நரைத்துப்போனது. நரைத்தால் என்ன, பட்டு மறைத்துவிடாதா!

திருவிழாவுக்கு முந்தைய நாள், அம்மனுக்குச் சேலை எடுக்கக் கிளம்பிய மனைவி ஞானசெல்வி கேட்டாள்.

"ஏங்க, போன வருசம் ஆத்தாளுக்கு என்ன கலர் கட்டியிருந்தாக? நீங்கதான முன்னாடி நின்னீக."

சுருளிராஜன் யோசித்தார். எந்த வருடத்துச் சேலையும் நினைவுக்கு வரவில்லை. அம்மன் முகமே வரவில்லை. பூசாரி கையிலிருந்த துணி வந்தது. அது விஜயபாண்டி பக்கம் திரும்பியது வந்தது. அந்த ஆள் மீசைக்குள் சிரித்த சிரிப்பு அச்சு மாறாமல் வந்தது. அடப்பாவி, இத்தனை வருடமும் நான் கும்பிட்டது அவன் தலையையா? அவமானத்தில் அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் கோயிலில் பூசாரி பட்டோடு வந்தார். வாசலில் தம்பி அஜய்குமார் வெடிக்கட்டோடு தயாராக நின்றான்.

"வேண்டாம் பூசாரி. எடுத்து வைங்க" என்றார் சுருளிராஜன்.

தம்பி பாய்ந்து வந்தான். "அண்ணே, கிறுக்குப் புடிச்சிருச்சா? இதுக்குத்தான இம்புட்டு அலைஞ்சோம்! அப்பா பேரு என்னத்துக்காகும்?"

"நீ கழிச்சுப் போட்டத நான் கட்டிக்கிறணுமோ? என்ன சூதுய்யா இது?" என்று எதிரே நின்ற விஜயபாண்டி மீசையை முறுக்கினார்.

"சூதுமில்ல, வாதுமில்ல. கோர்ட்டு எனக்குக் குடுத்தத வேண்டாம்னு சொல்ல எனக்கு உரிமை இருக்குல்ல? எந்தக் கோர்ட்டுக்கு வேணாலும் போங்க, என் தலையில இதைக் கட்ட முடியாது. ஆத்தா காலடியிலயே போடுங்க பூசாரி."

"இன்னையோட நீ எனக்கு அண்ணனில்ல" என்று துண்டை உதறிவிட்டுப் போனான் அஜய்குமார். சுருளிராஜனுக்கு நெஞ்சு வலித்தது. ஆனாலும் அவர் கூப்பிடவில்லை.

"மனுசன்னா இவருதான்யா!" என்று கூட்டத்தில் ஒருவர் கத்த, கமிட்டிக்காரர்கள் ஒரு மாலையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சுருளிராஜனுக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. அதை உணர்ந்த மறுகணமே பற்றிக்கொண்டும் வந்தது. துணியை வாசல் வழியாக விரட்டினால் கொல்லை வழியாக மாலை வருகிறதே!

"ஆளை விடுங்கய்யா!" என்று சீறிவிட்டு, கூட்டத்தை இடித்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனார். அங்கே நின்றவர்கள் வருசநாட்டுப் பக்கத்திலிருந்து வந்த வெளியூர்க்காரர்கள்.

மணி அடித்தது. திரை விலகியது. குதிகாலை உயர்த்தி எக்கிப் பார்த்தார். தூரத்துச் சுடரில் அம்மன் முகம் தெரிந்தது. கண்ணில் நீர் முட்டியது.

முதுகில் ஒரு விரல் குத்தியது. இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண்.

"யாருய்யா நீ, நந்தி மாதிரி? சாமிய மறைக்காம அங்கிட்டுத் தள்ளு."

போன வருடமாக இருந்தால், 'யாருய்யா நீ' என்ற கேள்விக்கு ஊரையே இரண்டாக்கியிருப்பார்.

"இந்தா ஒதுங்கிட்டேன் தாயி" என்று அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். அங்கிருந்து அவருக்கு அம்மன் தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் நன்றாகத் தெரிந்தது. வாழ்நாளில் அவருக்கு அப்படி மனசு நிறைந்ததே இல்லை.