புள்ளி வைத்த வரி

வெர்னா குவாம் எனக்கு எழுதிய முதல் கடிதத்தில் வணக்கமும் இல்லை, நலம் விசாரிப்பும் இல்லை. நான் எழுதிய பத்தியைப் பத்திரிகையிலிருந்து கத்தரித்து, வெள்ளைத் தாளில் ஒட்டி, ஒரு சொல்லைப் பச்சை மையால் வட்டமிட்டிருந்தார். ஓரத்தில் ஒரே வரி: “எழுதும்போது தூங்கிவிட்டீர்களா?” அது 1974ஆம் வருடம். வந்த கோபத்தில் தாளைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டேன். அப்புறம் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து எடுத்து, நீவிவிட்டு, மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டேன்.

அமெரிக்காவின் வடக்கே, ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் ஒரு மாலைப் பத்திரிகை வருகிறது. அதில் செய்திகளைத் திருத்தும் மேசை என்னுடையது. புதன்கிழமைதோறும் ‘எது எங்கே’ என்று ஒரு பத்தியும் எழுதிவந்தேன். ஜனங்கள் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டுக் குழப்புகிற ஆங்கிலச் சொற்களைப் பற்றிய பத்தி. ‘அஃபெக்ட்’ என்றால் பாதிப்பது, ‘எஃபெக்ட்’ என்றால் அதனால் விளைந்தது. ‘பிரின்சிபல்’ பள்ளித் தலைமையாசிரியர், ‘பிரின்சிபிள்’ கொள்கை. உயர்நிலைப் பள்ளி ஆண்டு மலரில் தலைமையாசிரியர் படத்துக்குக் கீழே ‘எங்கள் கொள்கை’ என்று அச்சாகிவிட்ட வருடம் எனக்குப் பொற்காலம். மூன்று வாரம் அதை வைத்தே ஓட்டினேன்.

எங்கள் மேசைக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. யார் கைவழியாகத் தவறு அச்சுக்குப் போகிறதோ, அவர் மறுநாள் வீட்டிலேயே செய்த எலுமிச்சைச் சதுரம், அதாவது எலுமிச்சைச் சாறு ஊற்றிச் சுட்ட இனிப்புத் துண்டுகள், ஒரு தட்டு கொண்டுவர வேண்டும். கடையில் வாங்கியது செல்லாது. இரண்டாவது, அச்சுக்கு முன் சரிபார்க்கும் புரூஃபில் ஒருவர் அடித்ததை இன்னொருவர் ‘அப்படியே இருக்கட்டும்’ என்று நினைத்தால், அந்தச் சொல்லுக்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைப்பார்; திருத்தத் தெரிந்த எல்லோருக்கும் தெரிந்த குறி அது. புள்ளி வைத்துவிட்டால் அதன்மேல் யாரும் கை வைக்கக் கூடாது. பத்திரிகை முதலாளியே வந்தாலும் கூடாது.

வெர்னாவின் கடிதங்கள் வெள்ளிக்கிழமை வரும். இருபது மைல் வடக்கே ஸ்டோன் பே என்ற ஊரில் தபால் பெட்டி எண் 41. வெறும் ‘வி. குவாம்’ என்றுதான் கையெழுத்து. ஆணா பெண்ணா என்றே இரண்டு வருடம் தெரியாது. ஒரு கடிதத்தில், “நீதிபதிகள் சொல்லச் சொல்ல முப்பது வருடம் தட்டச்சு செய்த பெண் நான், என்னிடம் கதை விடாதீர்கள்” என்று எழுதி, முதல் தடவையாக வெர்னா என்று முழுப்பெயரும் போட்டிருந்தார். அன்று மாலை நான் சலூனுக்குப் போய் முடி வெட்டிக்கொண்டேன்.

பன்னிரண்டு வருடத்தில் ஒரே ஒரு முறைதான் அவர் என்னைப் பாராட்டினார். நகராமல் நிற்கும் பொருளுக்கான ‘ஸ்டேஷனரி’யையும் ஓரெழுத்து மட்டும் மாறிய, எழுதுதாளுக்கான ‘ஸ்டேஷனரி’யையும் பற்றி நான் எழுதிய பத்தியின் ஓரத்தில், பச்சை மையில், “மோசமில்லை” என்றிருந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவர் மோசமில்லை என்று சொன்னால் அதற்கு மேல் சொல்ல ஆளில்லை என்று அர்த்தம். பிள்ளை பிறந்தாலும் மோசமில்லை, வீடு கட்டி முடித்தாலும் மோசமில்லைதான். அந்தத் துண்டை மணிபர்சில் வைத்துக்கொண்டேன். என் மனைவி பிரிந்துபோய் அப்போது ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அவள் படம்கூட அந்த மணிபர்சில் இருந்ததில்லை.

பக்கத்து மேசையில் புரூஃப் படிக்கும் பெர்னீஸுக்கு எல்லாம் தெரியும்.

“ஏய்யா ஆர்லன், வெள்ளிக்கிழமை மட்டும் நல்ல சட்டையா போட்டுட்டு வர்றியே, தபால்காரனுக்குக் காட்டவா?”

“துவைச்ச சட்டை அன்னைக்குத்தான் வருது.”

“ஆமாமா. ஒரு நடை ஸ்டோன் பே போயிட்டு வந்துடேன். இருபது மைல்தானே? அந்தம்மா என்ன கடிச்சா தின்னப்போறா?”

இரண்டு முறை போயிருக்கிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை. இரண்டு முறையும் தபால் நிலையத்துக்குள் போய், 41ஆம் பெட்டியின் சின்னப் பித்தளைக் கதவைப் பார்த்துவிட்டு, தபால்தலை வாங்கிக்கொண்டு திரும்பினேன். மனதில் உள்ளதை ‘இம்ப்ளை’ செய்பவர் ஒருவர், அதாவது குறிப்பாகச் சொல்பவர். ‘இன்ஃபர்’ செய்பவர் இன்னொருவர், அதாவது கேட்டுவிட்டு ஊகித்துக்கொள்பவர். இந்த இரண்டையும் குழப்பாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் எழுதியவன் நான். அவர் எதையும் குறிப்பாகச் சொல்லவே இல்லையோ, நானாகத்தான் ஊகித்துக்கொண்டேனோ என்ற பயம் என்னை அந்தப் பித்தளைக் கதவோடு நிறுத்தியது.

போன செப்டம்பரில்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

‘ஃபார்தர்’ மைல் கணக்கில் அளக்கக்கூடிய தூரத்துக்கு. ‘ஃபர்தர்’ அளக்க முடியாத கூடுதலுக்கு, இன்னும் ஆழமாக யோசிப்பது, இன்னும் மேலே பேசுவது மாதிரி. நான் ஒரு பத்தியில் இரண்டாவதைச் சரியாகவே போட்டிருந்தேன். வெர்னா அதை வட்டமிட்டு, தூரத்துக்கான சொல்லைப் பக்கத்தில் எழுதி அனுப்பிவிட்டார். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாகத் தவறு அவருடையது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த புதன்கிழமை அவர் கடிதத்தை அப்படியே பத்தியில் போட்டு, பெயரையும் ஊரையும் போட்டு, “பச்சை மைக்கும் அடி சறுக்கும் என்று இன்று தெரிந்தது, வெர்னா குவாம் தூங்கிவிட்டார் போலிருக்கிறது” என்று எழுதினேன். செல்லமாகத்தான் எழுதினேன். அவர் எனக்கு எழுதிய முதல் வரியைத்தானே திருப்பிக் கொடுத்தேன், படித்துவிட்டுச் சிரிப்பார் என்று நினைத்தேன். என் வயது ஐம்பத்தேழு. புத்தி மட்டும் பள்ளிக்கூடத்தில் பின்னலை இழுக்கும் பையனுடைய புத்தி.

ஊர் சிரித்தது. அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை. அந்த வெள்ளிக்கிழமை கடிதம் வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. அக்டோபர் முழுக்கத் தபால்காரர் மின்கட்டண ரசீதுகளையும் தேவாலய விருந்து அறிவிப்புகளையும் கொடுத்துவிட்டுப் போனார். ஸ்டோன் பே போனேன். 41ஆம் பெட்டியில் வேறு பெயர் ஒட்டியிருந்தது. கவுன்டரில் இருந்த அம்மாளிடம் கேட்டேன்.

“காலி பண்ணிட்டாங்க. எங்க போனாங்கன்னு சொல்லக் கூடாது, சட்டம். நீங்க சொந்தக்காரரா?”

தபால்தலை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. எங்கே போயிருந்தாலும் சந்தாவை நிறுத்தியிருக்க மாட்டார். தவறைப் பார்த்தால் அவர் கை சும்மா இருக்காது. நவம்பர் முதல் புதன்கிழமைப் பத்தியில், பாராட்டுக்கான ‘காம்ப்ளிமென்ட்’ வர வேண்டிய இடத்தில், ஓரெழுத்து மட்டும் மாறிய, ஒன்றை நிறைவு செய்வதற்கான ‘காம்ப்ளிமென்ட்’டை எழுதினேன். பெர்னீஸ் உடனே பிடித்துவிட்டாள். அவள் அடித்ததற்குக் கீழே நான் புள்ளி வைத்தேன்.

“கண்ணு தெரியுதா உனக்கு? இது தப்பு.”

“தெரியும். இருக்கட்டும்.”

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். “யாருக்கோ தூண்டில் போடுறே” என்றாள். புள்ளி புள்ளிதான்.

மறுநாள் எலுமிச்சைச் சதுரம் கொண்டுபோனேன். வெர்னா பிடித்தவை மேசைக்குத் தெரியாது, ஒன்பது வருடமாக நான் ஒரு தட்டும் கொண்டுபோனதில்லை என்பதால் விளையாட்டுச் செய்தி எழுதுபவர்கள்கூடக் கைதட்டினார்கள். வாசகர்களிடமிருந்து பதினான்கு கடிதங்கள் வந்தன. எல்லாம் நீல மை, கறுப்பு மை, ஒன்று பென்சில். அடுத்த வாரமும் தவறு செய்தேன். அதற்கடுத்த வாரமும் செய்தேன். நாலாவது தட்டு வந்தபோது யாரும் கைதட்டவில்லை. கடிதங்கள் அறுபதைத் தாண்டின. ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை எனக்கு மூளையில் ஏதாவது கட்டி இருக்கலாம், டாக்டரைப் பாருங்கள் என்று அக்கறையாக எழுதியிருந்தார். பச்சை மட்டும் இல்லை.

ஆசிரியர் கர்ட் தன் அறைக்குக் கூப்பிட்டார். என்னைவிட இருபது வயது சின்னவர், மரியாதை தெரிந்தவர்.

“உட்காருங்க ஆர்லன். உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கேன்.”

“அப்ப ஏன் இப்படி? சொல்லிக்கொடுக்கிறவரே தப்புத்தப்பா எழுதினா, ஊரே நம்மளப் பாத்துச் சிரிக்குது. நீங்களே புள்ளி வெச்சுக் காப்பாத்தினீங்கன்னு வேற கேள்விப்பட்டேன்.”

“ஆமா.”

“காரணமாவது சொல்லுங்களேன்.”

சொல்லலாம்தான். சொன்னால் அவர் இரக்கப்படுவார், அதை என்னால் தாங்க முடியாது. அவர் பெருமூச்சு விட்டார்.

“வர்ற புதன் கடைசி. வாசகர்களுக்கு நன்றி சொல்லி மரியாதையா முடிச்சிடுங்க.”

கடைசிப் பத்திக்குச் சொற்கள் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. இப்படி எழுதினேன்: “நான்கு வாரமாக நான் செய்த தவறுகள் தெரிந்தே செய்தவை. தெரியாமல் செய்தது ஒன்றுதான். செப்டம்பரில் ஒருவருடைய சறுக்கலை ஊர் நடுவில் வைத்துச் சிரித்தேன். பன்னிரண்டு வருடம் அவர் என் தவறுகளை உறைக்குள் வைத்து ஒட்டி எனக்கு மட்டும் காட்டினார். அந்த நாகரிகம் எனக்கு இல்லாமல் போயிற்று. மன்னிப்புக் கேட்கிறேன். இந்தப் பத்தியை எல்லோருக்காகவும் எழுதினேன் என்று சொல்வது பொய். ஒருவருக்காகத்தான் எழுதினேன். வெள்ளிக்கிழமைகளில் இன்னும் காத்திருக்கிறேன்.”

பெர்னீஸ் புரூஃபைப் படித்தாள். ஒரு கோடுகூடப் போடாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். கர்ட் வந்து படித்துவிட்டுக் கடைசி வரியை மட்டும் அடித்தார்.

“இது பத்திரிகைல வர்ற விஷயமில்லை ஆர்லன்.”

நான் பென்சிலை எடுத்து அந்த வரிக்குக் கீழே புள்ளி வைத்தேன்.

கர்ட் வாயைத் திறந்தார். பெர்னீஸ் முந்திக்கொண்டாள். “புள்ளி வெச்சாச்சு. நீங்க இங்க வர்றதுக்கு முன்னாடியே இருக்கிற சட்டம்.”

வரி அச்சானது. அடுத்த வெள்ளிக்கிழமை ஒன்றும் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் இல்லை. என் பத்தி இருந்த இடத்தில் சமையல் குறிப்பு வந்தது. நல்ல சட்டையைப் போடுவதை நிறுத்திவிட்டேன். பெர்னீஸ் கிண்டல் செய்யாமல் இருந்தாள், அதுதான் அதிகம் வலித்தது.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை, தடித்த உறை ஒன்று வந்தது. தெற்கே அரிசோனா மாநிலத்தின் தபால் முத்திரை. முகவரி பச்சை மையில் இருந்தது.

செப்டம்பரிலிருந்து நான் எழுதிய ஒவ்வொரு பத்தியும் உள்ளே இருந்தது. ஒவ்வொன்றும் தாளில் ஒட்டப்பட்டு, வட்டமிடப்பட்டு, தேதி போடப்பட்டிருந்தது. நான் வேண்டுமென்றே செய்த நாலு தவறுகளுக்கும் பக்கத்தில் “சின்னப்பிள்ளைத்தனம்” என்று நாலு முறை எழுதியிருந்தார். எனக்கே தெரியாமல் நான் செய்திருந்த ஐந்தாவது ஒன்றையும் பிடித்திருந்தார். கூடவே ஒரு சின்னக் கடிதம்.

“என் தங்கைக்குப் பார்வை போய்விட்டது. அவளோடு இருக்க டூசானுக்கு வந்துவிட்டேன். செப்டம்பரில் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தேன். அந்த வாரம் முழுக்கச் சாலை வரைபடத்தில் மைல்களை எண்ணிக்கொண்டிருந்தேன், தூரத்தைத் தவிர வேறு எதுவும் என் மண்டையில் இல்லை. தவறு தவறுதான். ஆனால் நீங்கள் சிரித்தது வலித்தது. அதற்காக வட்டமிடுவதை நிறுத்த முடியவில்லை. தபாலில் சேர்ப்பதைத்தான் நிறுத்தினேன். இங்கே உங்கள் பத்திரிகை பத்து நாள் தாமதமாக வருகிறது.”

அவ்வளவுதான். கடைசித் தாளைத் திருப்பினேன். என் கடைசிப் பத்தி. வட்டம் இல்லை, கோடு இல்லை, ஓரத்தில் எழுத்தும் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் இன்னும் காத்திருக்கிறேன் என்ற வரிக்குக் கீழே மட்டும், பச்சை மையில், வரிசையாகப் புள்ளி வைத்திருந்தார். பன்னிரண்டு வருடத்தில் அவர் எதையும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டதில்லை.

பெர்னீஸ் எழுந்து வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். பிறகு உறையைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில் இந்த முறை பெட்டி எண் இல்லை. தெருப் பெயரும் வீட்டு எண்ணும் இருந்தன.

“டூசான் இங்கேருந்து எத்தனை மைல் இருக்கும்?” என்றாள்.

“ஆயிரத்து எண்ணூறு.”

“அடேயப்பா. ரொம்ப தூரமாச்சே ஆர்லன்.”

“மோசமில்லை” என்றேன்.