அப்பா சொன்ன சைபர்

கட்டிலின் தலைமாட்டில் தொங்கிய சின்னத் திரையைப் பார்த்தாலே எனக்குக் குமட்டியது. அப்பாவின் பெயருக்குக் கீழே "வீடு திரும்பும் நாள்: வியாழன்" என்று பச்சை எழுத்தில் இருந்தது. ஆபரேஷன் நடந்தது செவ்வாய்க்கிழமை. புற்றுநோய் வந்த புரோஸ்டேட்டை ரோபோ வைத்து எடுத்தார்கள். அதற்குப் பிறகு யார் எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் கிடப்பார்கள் என்று கம்ப்யூட்டர் முன்கூட்டியே சொல்லுமாம். அந்த ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டதால்தான், அரநாயக்கப் பக்கத்து ரப்பர் தோட்டத்துக் கிழவருக்குக் கொழும்பில் இந்த வைத்தியம் கிடைத்தது.

வயசு, எடை, இரத்தம் எல்லாம் கம்ப்யூட்டரிடம் சொல்லியாயிற்று. இப்போது அதற்கு வேண்டியது, நாலு மணி நேரத்துக்கொருதரம் வலிக்கு ஒரு எண். சைபரிலிருந்து பத்து வரைக்கும்.

"ரிதெனவாத?" வலிக்கிறதா என்று நர்ஸ் மிஸ் சிங்களத்தில் கேட்பாள்.

"நே மிஸ். சைபர்." இல்லை என்று அப்பா தலையாட்டுவார்.

புதன்கிழமை விடிந்ததிலிருந்து அவர் வயிறு பந்தாக வீங்கிக் கிடந்தது. காற்றுப் பிரியவில்லை. வேர்த்துக் கொட்டியது. கேட்டால் சைபர். "இவர்தான் நம்ம நம்பர் வன் நோயாளி" என்று டாக்டர் சிரித்தார். திரையைப் பார்த்துத்தான் சிரித்தார். போர்வையைக்கூட விலக்கவில்லை. சீ என்று இருந்தது எனக்கு.

"ஏன்ப்பா பொய் சொல்றீங்க?"

"வலிக்குதுன்னா பேர் போட மாட்டாங்கம்மா."

நாள் சம்பளத்தைத் தோட்டத்தில் பேர் என்போம். அப்பா முப்பத்தெட்டு வருஷம் ரப்பர் பால் வெட்டியவர். முடியவில்லை என்று மலையில் உட்கார்ந்தவனைக் கங்காணி அரைப்பேரோடு விரட்டியதைப் பார்த்துப் பார்த்து, வலியை விழுங்கப் பழகியவர். அந்தக் கங்காணி செத்துப் பத்து வருஷமாகிறது. அப்பா இன்னும் அவனுக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பணிவைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது.

நான் வரக்காப்பொல டவுன் துணிக்கடையில் வேலை செய்கிறவள். சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. நர்ஸ் மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நோயாளி வாயால சொல்றதத்தான் போடலாம் தங்கச்சி. நாளைக்குக் காலைல டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பிருவாங்க" என்றாள்.

எங்கள் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து பெரிய ரோட்டுக்கு மூன்று மைல். மழை பெய்தால் ஆட்டோ ஏறாது. அங்கே வைத்து இவருக்கு ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது?

வியாழன் காலை டாக்டர் தன் கூட்டத்தோடு வந்தார். அப்பா சாரத்தைக் கட்டி, மூத்திரப் பையைக் கையில் பிடித்தபடி, கிளம்பத் தயாராகச் சாய்ந்திருந்தார்.

"சைபர்?"

"சைபர் தொரை."

நான் போர்வையை இழுத்தேன். அந்த வயிற்றில் கையை வைத்து அமுக்கினேன்.

அப்பா அலறினார். அந்தச் சத்தத்தை அதற்கு முன் நான் கேட்டதேயில்லை. வார்டே திரும்பிப் பார்த்தது. டாக்டர் முதல்முறையாகக் குனிந்து வயிற்றைத் தொட்டார். குடல் வேலை செய்யவில்லை என்றார், மூக்கில் குழாய் போடச் சொன்னார். நர்ஸ் மிஸ் ஒன்பது என்று அடித்தாள். திரையில் வியாழன் போய்த் திங்கள் வந்தது.

என் கையைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவினேன். அப்படியும் அந்தக் கையைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

திரும்பி வந்தபோது அப்பா மூக்கில் குழாயோடு, டாக்டர் போன பக்கம் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இனிமே சத்தம் போட மாட்டேங்க, தொரை."