எட்டு ஸ்பீக்கர் எஞ்சின்

ரகுபதி அந்தக் காரை வாங்கியதே காதுக்கு ஓய்வு கொடுக்கத்தான். எண்ணூர் துறைமுகத்துக்கும் மாதவரத்துக்கும் நடுவே இருபத்தைந்து வருடம் டிரெய்லர் லாரி ஓட்டி, பிறகு நாலு டிரெய்லருக்கு முதலாளியானவர். தூக்கத்தில்கூட ஏர்பிரேக் சத்தம் கேட்டு எழுந்து உட்காருவார்.

ஷோரூமில் வண்டி விற்கிற லியோனார்ட் அவரை உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினான். மின்சாரக் கார். வெளியே கேட்கும் சத்தத்தை மைக் வைத்துப் பிடித்து, எதிர்ச்சத்தம் போட்டு அமுக்கிவிடுமாம். ரோட்டில் ஒரு தண்ணி லாரி ஓசையே இல்லாமல் நகர்ந்து போனது. அப்பாடா என்றிருந்தது ரகுபதிக்கு. அந்த அப்பாடா இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை.

"இன்னாப்பா, வண்டி ஓடுதா இல்லியான்னே தெர்ல. எங்க ஏரியால சாவுக்குக்கூட சத்தம் இருக்கும்."

லியோனார்ட் அதற்கும் ஒரு பட்டன் வைத்திருந்தான். அழுத்தியதும் எட்டு ஸ்பீக்கரிலும் பந்தயக் கார் உறுமியது. நின்ற இடத்திலேயே ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்னும் ஏறியது. இருந்த சத்தத்தை எடுக்க ஒரு விலை, இல்லாத சத்தத்தைப் போட இன்னொரு விலை. மனிதர் இரண்டையும் பல்லெல்லாம் தெரியக் கொடுத்தார். இது உள்ளே இருப்பவருக்கு மட்டும்தான் கேட்கும் என்று லியோனார்ட் சொல்லத்தான் சொன்னான். அந்த உறுமலில் அவன் வாயசைந்ததுதான் தெரிந்தது. ரகுபதியும் பெரிய மனுஷத் தோரணையில் தலையாட்டி வைத்தார்.

வண்டி வந்த வாரமே தங்கை குணசுந்தரி போன் செய்தாள். நாலு வருடமாகப் பேச்சு இல்லை. ரகுபதி வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகையில் அவள் புருஷன் பேர் விட்டுப்போனதில் வந்த வினை. இப்போது மகள் ஜெயஸ்ரீக்கு மஞ்சள் நீராட்டு. "தாய்மாமன் நீ வந்து சீர் வெக்காம என் பொண்ணு மணையில குந்தமாட்டாண்ணா" என்று அழுதாள். வராமல் இருப்பேனா என்றார் ரகுபதி. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"பேண்டு செட்டு, பட்டாசு எதுவும் வாணாம்மா. புது வண்டி சத்தமே உங்க விம்கோ நகர் பூரா கேக்கும். கேட்டவுடனே ஆரத்தித் தட்டோட வந்துடு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றரைக்கு, பின்சீட்டு நிறையச் சீர்த்தட்டுகளோடு தங்கை தெருவுக்குள் நுழைந்தார். மனைவி வரவில்லை. முதல் மரியாதை எப்படி இருக்கிறதென்று நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், நான் அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். பந்தலுக்கு முன்னால், நட்டநடுத் தெருவில் காரை நிறுத்தி, சத்தத்தை உச்சத்துக்கு வைத்து மிதித்தார். உள்ளே பூமி அதிர்ந்தது. வெளியே, பக்கத்துக் குப்பைத் தொட்டியில் படுத்திருந்த பூனை கண்கூடத் திறக்கவில்லை.

கூடப்பிறந்தவள் ஆரத்தி எடுக்காமல் தாய்மாமன் காலைக் கீழே வைக்கக் கூடாது. அது முறை. மனிதர் முறை தவறாமல், கூலிங் பேப்பர் ஒட்டிய கறுப்புக் கண்ணாடிக்குள் உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம். இருபது நிமிடம். நாலரைக்கு ராகு காலம். பந்தலில் இருந்தவர்கள் காரைப் பார்ப்பதும் முகத்தைத் திருப்புவதுமாக இருந்தார்கள். கூப்பிட்டு வைத்து அவமானப்படுத்துகிறாள் என்று ரகுபதி இன்னும் ஓங்கி மிதித்தார். இந்தப் புதுக் காரை அவள் பார்த்ததே இல்லை என்பது மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை.

கடைசியில் குணசுந்தரி வெளியே வந்தாள். கையில் தட்டு இல்லை. கண்ணாடியைத் தட்டினாள். உறுமலுக்கு நடுவே அவள் உதடு அசைந்தது, புருவம் நெரிந்தது. கையை வீசினாள். போ என்கிறாள். சந்தேகமே இல்லை, போ என்றுதான் சொல்கிறாள்.

ரகுபதி ரிவர்ஸ் எடுத்தார். எர்ணாவூர் பாலத்தடி வரை மிதித்துக்கொண்டே போய், ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் முகத்தை வைத்துக்கொண்டார். அறுபது வயசு மனுஷன் விசும்பி விசும்பி அழுதார். காருக்கு அதெல்லாம் தெரியுமா, பக்கத்தில் போன லாரிகளின் சத்தத்தைச் சமர்த்தாக அமுக்கிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. எட்டு ஸ்பீக்கரிலும் தங்கை குரல்.

"அண்ணா, எங்க கீற? நேரம் ஆவுதுண்ணா. எவனோ ஒரு கூறுகெட்டவன் கார நடுத்தெருவுல போட்டுகினு உள்ளயே குந்திகினு இருந்தான். எங்கண்ணன் வண்டி வர்ற வழிடா, எட்றான்னு வெரட்டி வுட்டுட்டேன். மேளக்காரங்கள வேற அடிக்காதீங்கன்னு சொல்லி வெச்சிகீறேன், உன் வண்டி சத்தம் கேக்கணுமேன்னு. எல்லாரும் வாயப் பொத்திகினு உக்காந்துகீறாங்க. வந்துடுவல்ல?"

ரகுபதி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வந்துகினே கீறேன்மா" என்றார்.

அதே காரில் திரும்பிப் போக அவருக்கு முகம் இல்லை. எதிரே வந்த ஷேர் ஆட்டோவை மறித்துத் தட்டுகளை மாற்றினார். சைலன்சர் ஓட்டையான ஆட்டோ. தெருமுனைக்கு வருமுன்பே அதன் சத்தம் பந்தலுக்குள் போய்விட்டது. குணசுந்தரி ஆரத்தித் தட்டில் கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு ஓடி வந்தாள். ஆட்டோவைப் பார்த்ததும் ஒரு கணம் முழித்தாள், அண்ணன் முகத்தைப் பார்த்ததும் அதையும் மறந்தாள். நாலு வருடத்துக்கும் சேர்த்துச் சுற்றினாள். நெற்றியில் பொட்டு வைத்தாள்.

"வழியில டிராபிக்காண்ணா? அந்தக் கூறுகெட்டவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும்..."

"வுடும்மா" என்றார் ரகுபதி. "அவனுக்குக் காது கேக்காது."