மோட்டார் கொட்டகைக்கு ஒரு கதவு எண்

மூலக்குளத்தில் மனை விலை ஏறுகிற வேகத்தைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். ஒருமுறை தமிழ்க்குமரன் புரோக்கரிடம் விலை கேட்டான். அவர் சொன்னார். இவன் தும்மினான். "தும்மறதுக்கு முன்னாடி இருந்த ரேட்டு தம்பி அது" என்றார் புரோக்கர். அவரைக் குறை சொல்ல முடியாது. உண்மையிலேயே ஏறியிருந்தது.

தமிழ்க்குமரன் வில்லியனூரில் டிராக்டர் மெக்கானிக். அவனும் மனைவி வினோதினியும் மூலக்குளத்தில் ஒன்றரை ரூமில் வாடகைக்கு இருந்தார்கள். அதில் அரை ரூம் எது என்பதை எட்டு வருடமாக வீட்டுக்காரர் சொல்லவில்லை. ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் முதல் வீட்டுச் சேமிப்புத் திட்டத்தில் சேர்ந்து ஐந்து வருடம் மாதம் தவறாமல் கட்டினார்கள். கட்டியதில் பாதியளவு சங்கம் தன் பங்காகச் சேர்த்துக் கொடுக்கும். ஒரே நிபந்தனை, கட்டுகிறவர் பெயரில் அதற்குமுன் எங்கேயும் வீடு இருக்கக் கூடாது. அந்தப் பாதி வந்தால்தான் பார்த்து வைத்திருக்கும் அறுநூறு சதுர அடிக்கு முன்பணம் கொடுக்க முடியும்.

"வூடே இல்லாதவங்களுக்குத்தான திட்டம்? அதுல நம்மள அடிச்சிக்க ஆளு கெடையாது" என்று வினோதினி பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் வருடம் முடிந்ததும் சங்கத்துக்குப் போனார்கள். கவுண்ட்டரில் இருந்த செல்வகுமாரி மேடம் கம்ப்யூட்டரைப் பார்த்தார். பிறகு தமிழ்க்குமரனைப் பார்த்தார்.

"குருவிநத்தத்துல உங்க பேர்ல ஒரு வூடு இருக்குதே சார். பதினெட்டு வருசமா வரி கட்டியிருக்கீங்க."

வினோதினி மெல்லத் திரும்பினாள். புருசனுக்கு வேறொரு குடும்பம் இருப்பதைக் கேள்விப்பட்டவளின் பார்வை அது.

"எத்தினி நாளா நடக்குது இது?"

"சத்தியமா எனக்குத் தெரியாதுடி."

"மாடி வூடா?"

"தெரியாதுன்றேன்ல!"

அங்கேயே நின்று குருவிநத்தத்துக்குப் போன் போட்டான். நெல்லும் கரும்பும் பயிர் வைக்கிற அவன் அப்பா வைத்தியலிங்கம் எடுத்தார்.

"அது நம்ம மோட்டார் கொட்டாய்டா. அப்ப கவருமெண்டுல ரேஷன் கார்டுக்கு ஒரு மிக்ஸி குடுத்தாங்க. வூட்டுக்கு ஒரு கார்டுதான்னாங்க. சரின்னு கொட்டாய்க்கு ஒரு கதவு நெம்பர் வாங்கி, உன் பேர்ல தனிக் கார்டு போட்டேன்."

"மிக்ஸி எங்க?"

"உங்க அக்காவுக்குச் சீரா குடுத்துட்டேன்."

கதவு எண் கொடுக்குமுன் அன்று இடத்தைப் பார்வையிட ஒருவர் வந்தாராம். வைத்தியலிங்கம் கொட்டகையில் காலண்டர் மாட்டி, கயிற்றில் ஈரப் புடவை போட்டு, அடுப்பில் பால் பொங்க வைத்திருந்தாராம். வந்தவர் பாலைக் குடித்துவிட்டு, புதுமனைக்கு என்று நூற்றியொரு ரூபாய் மொய்யும் வைத்துவிட்டுப் போனாராம்.

செல்வகுமாரி மேடம் யோசித்தார். "எங்க ஆள அனுப்பறோம். மனுசங்க குடியிருக்கிற எடம் இல்லன்னு அவரு எழுதிக் குடுத்தா முழுப் பணம் வரும். வூடுன்னு எழுதிட்டா, நீங்க கட்டுனது மட்டும்தான்."

அடுத்த வியாழக்கிழமை புருசனும் பெண்டாட்டியும் முன்கூட்டியே குருவிநத்தம் போய்ச் சேர்ந்து, கொட்டகையைப் பார்த்ததும் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். சுவரில் புது வெள்ளை. வாசலில் எட்டுப் புள்ளிக் கோலம். ஜன்னலில் பூப்போட்ட திரை. மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு சோபா.

"இன்னாப்பா இது?"

"ஆபீசர் வூட்ட பாக்க வராருன்னியேடா. மானம் போவக்கூடாதில்ல?"

"வூடு இல்லன்னு காட்டத்தான் மாமா வரச் சொன்னோம்!" என்றாள் வினோதினி.

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாம்மா?"

திரையைப் பிடித்து இழுப்பதற்குள் சங்கத்தின் பார்வையாளர் புகழ்வேந்தன் வண்டியை நிறுத்திவிட்டார். உள்ளே வந்தார். சோபாவில் உட்கார்ந்தார். கரும்புத் தோட்டத்துக் காற்று ஜன்னல் வழியாக வந்து அவர் தலைமுடியைக் கலைத்தது. தொட்டியில் தண்ணீர் கண்ணாடி போல நின்றது.

"இது வூடு இல்லன்னு எப்படிம்மா எழுதறது?" என்றார், எழுந்திருக்காமலே.

"மோட்டாரப் போடுங்க" என்றாள் வினோதினி புருசனிடம்.

தமிழ்க்குமரன் போட்டான். அந்த மோட்டாரின் சத்தத்தில் பக்கத்து ஊர்ச் சோரியாங்குப்பத்துக் கொக்குகள் எழும்பிக் கடலூர்ப் பக்கம் போய்விடும், அணைத்தால்தான் திரும்பும். சோபா தானாக ஒரு முழம் நகர்ந்தது, மேலே ஆபீசரோடு.

"புருசன் பேசறது பொண்டாட்டிக்குக் கேக்காதே!" என்று கத்தினார் புகழ்வேந்தன். "இதுல எப்படிக் குடியிருக்கறது?"

"அப்படிப் பாத்தா ஊருக்குள்ள நாங்க இருக்கறதும் வூடு இல்ல சார்!" என்று வைத்தியலிங்கம் பதிலுக்குக் கத்தினார். "நான் சொல்றது நாப்பது வருசமா எம் பொண்டாட்டிக்குக் கேக்கல!"

மோட்டாரை அணைத்தார்கள். புகழ்வேந்தன் படிவத்தை எடுத்து, ‘மனிதர் குடியிருக்கத் தகுந்ததல்ல’ என்று எழுதினார். கையெழுத்துப் போடப் போனவர் பேனாவை அப்படியே பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

"பெரியவரே, நானும் வாடகைக்குத்தான் இருக்கேன். எதுத்த வூட்டுக்காரன் எலுமிச்சம்பழம் புழிஞ்சா என் கண்ணு எரியும். சும்மாத்தான் கேக்கறேன். இத வாடகைக்கு விட்டா எவ்ளோ வரும்?"

வைத்தியலிங்கத்தின் வாய் திறந்தது. ஐந்து வருடக் காத்திருப்பும் அந்த வாய்க்குள் போய் நிற்பதைத் தமிழ்க்குமரன் கண்ணால் பார்த்தான். ஒரே ஒரு தொகை வெளியே வந்தாலும் கொட்டகை வீடாகிவிடும்.

"வூடுன்னாத்தான சார் வாடகை" என்றாள் வினோதினி. "மோட்டார் கொட்டாய்க்கு ஏது? கையெழுத்துப் போடுங்க. சீலும் வைங்க."

புகழ்வேந்தன் பெருமூச்சு விட்டார். கையெழுத்துப் போட்டார். சீலும் வைத்தார். வினோதினி மை காயும்வரை ஊதினாள், நாலாக மடித்தாள், கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். மூடிவிட்டதா என்று இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தாள்.

"இப்ப சொல்லுங்க மாமா."

பெரியவர் சோபாவில் ஆபீசருக்குப் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, பத்து மாத அட்வான்ஸிலிருந்து ஆரம்பித்தார்.